நைலான் நாடாவும் டேனரிச் சாயமும்

வேலூரிலிருந்து தென்மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும், மேற்கே பேர்ணாம்பட்டு வரைக்கும், கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரைக்கும் பாலாற்றையொட்டிப் பரந்து கிடக்கும் எங்கள் தோல் சீமையில், ஒரு பூட்ஸையோ கைப்பையையோ கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் தோலின் வர்ணத்தையும் வழவழப்பையும் பற்றித்தான் அபிப்பிராயம் சொல்லுவார்கள். அந்தத் தோலை அழகாகக் காட்டவோ அலங்கோலமாக்கவோ, அதன் ஓரத்தில் மடித்துத் தைத்த நாடாவுக்கும், கட்டுகிற லேஸுக்கும், பக்கவாட்டில் வைத்த எலாஸ்டிக்குக்கும், ஜிப்புக்கும், வெல்குரோவுக்கும் உள்ள சக்தியை நினைத்துப் பார்க்கிறவர்கள் வெகு சிலரே. கோன்யாக் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லுகிற செம்பழுப்புத் தோலில், சாயல் சற்றே மாறிய ஒரு நாடா ஏறிவிட்டால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தபோதிலும் பார்க்கிறவன் கண் அந்த நாடாவிலேயே போய் நின்றுவிடும். தோலல்லாத இந்தச் சில்லறைச் சாமான்களுக்கு, அதிலும் நைலான் முதலிய செயற்கை இழைகளால் ஆனவற்றுக்கு, வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்துச் சாயம் ஏற்றுவதே என்னுடைய தொழில். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், இதே காரியத்தில் இறங்க விரும்புகிற நம்மூர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நான் தொழில் கற்றது டேனரியில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தி, வர்ணம் ஏற்றாமல் அரைப்பதமாகவே சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் எங்கள் பெரியவர்களுடையது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ம் வருஷத்திலேயே குரோம் பதனிடும் பரிசோதனைகளைத் தொடங்கிவிட்டார் என்றாலும், எங்கள் பக்கத்தில் சாய டிரம்கள் பெருகியது என்னவோ 1970-களில், அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் வரம்பு கட்டி, முடித்த தோலாகவும் பாதரட்சையாகவும் அனுப்பும்படி தூண்டிய பிறகுதான். 1980-களின் தொடக்கத்தில் நான் ஒரு டேனரியின் சாயப் பிரிவில் சேர்ந்தபோது, ஆள் உயரத்துக்கு மேலாகச் சுழலும் அந்த மர டிரம்களும், அவற்றின் வாயிலிருந்து வழியும் பழுப்பு ஜலமும், பார்மிக் அமிலத்தின் மூக்கைத் துளைக்கும் நெடியும் எனக்குப் பயமும் ஆசையும் கலந்த ஒருவித மயக்கத்தை உண்டாக்கின.

அங்கே நான் கண்ட ஒரு சின்ன விஷயம் பிற்காலத்தில் என் ஜீவனோபாயமாயிற்று. மாதிரித் துண்டுகளைக் கலைந்துவிடாதபடி ஒரு வெள்ளை நைலான் கயிற்றில் கோத்து டிரம்முக்குள் போடுவது வழக்கம். டிரம் ஓடி நின்றபின் எடுத்துப் பார்த்தால், தோல் டான் நிறத்தில் இருக்க, கயிறு அதைவிட அடர்த்தியாகச் சிவந்திருக்கும். ஆனால் துண்டோடு தைத்த அடையாளச் சீட்டின் பாலியஸ்டர் நூலோ போட்டபடி வெள்ளையாகவே இருக்கும். சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெரியவரிடம், "பாய், தோலைவிடக் கயித்துக்கு எப்படி இவ்வளவு ஏறிச்சு?" என்று கேட்டேன். அவர் கயிற்றைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, தோலுக்கு ஒத்துக்கிட்ட சாயம் நைலானுக்கும் ஒத்துக்கும். பாலியஸ்டருக்கு நீ தலைகீழா நின்னாலும் ஒத்துக்காது. சாயத்தைக் கேக்காதே, நூல் என்னன்னு கேளு" என்றார். ரசாயன சாஸ்திரம் படித்தவரல்லர் அவர். ஆனால் அதற்குப் பிறகு நான் படித்த புத்தகங்கள் எதுவும் அந்த வார்த்தைக்கு மாறாகச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். தோல் என்பது புரதம். நைலான் புரதமன்று, ஆயினும் 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வாலஸ் கரோதர்ஸ் என்பவர் உண்டாக்கிய அந்த இழையின் சங்கிலியில், புரதத்தில் உள்ள அதே அமைடு பிணைப்புகள் இருக்கின்றன, சங்கிலியின் நுனிகளில் அமீன் என்ற தொகுதிகளும் இருக்கின்றன. ஜலத்தைப் புளிப்பாக்கினால் இந்த நுனிகள் நேர்மின்னேற்றம் அடைகின்றன. டேனரியில் பயன்படும் அமிலச் சாயங்களோ எதிர்மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று இழுத்துப் பற்றிக்கொள்கின்றன. பாலியஸ்டரில் இப்படிப் பற்றிக்கொள்ளும் இடமே கிடையாது. பாலிபுரொப்பிலீனில் அதுவும் இல்லை, வேறெதுவும் இல்லை. நைலானிலுங்கூட இந்த இடங்கள் தாராளமாக இல்லை. கம்பளியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். இந்தக் குறைவு சாயக்காரனுக்கு எவ்வளவு பெரிய நிர்ப்பந்தம் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத டேனரிகள் மூடப்பட்டன. நான் வேலை பார்த்த இடமும் சில காலம் அடைபட்டுக் கிடந்தது. கூலியில்லாத அந்த நாட்களிலும் அந்தத் தீர்ப்பை அநியாயம் என்று நான் நினைத்ததில்லை. ஏனெனில் எங்கள் தெருக் கிணற்று ஜலம் உப்புக் கரித்துப்போய், தென்னையின் அடிமட்டைகள் கருகி விழுந்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டவன் நான். அச்சமயத்தில், வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருவர், கம்பெனியில் கொடுத்த வெள்ளை நாடாச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, இதைத் தோல் கலருக்கு மாத்தித் தர முடியுமா? சாம்பிள் ஜோடிக்குத்தான், கொஞ்சமாத்தான் வேணுமாம்" என்று கேட்டார். பெரிய சாயப்பட்டறைகள் கிலோக் கணக்கில் இல்லாத வேலையைத் தொடமாட்டா. மாதிரி ஜோடிகளுக்கு வேண்டியதோ சில நூறு கிராம் நாடா. அந்த இடைவெளியில்தான் என் அடுப்புக்கு இடம் கிடைத்தது. டேனரி மறுபடி திறந்த பிறகும் நான் அதை அணைக்கவில்லை.

வேலை எதுவானாலும் நான் முதலில் செய்வது இழையைப் பரிசோதிப்பதே. கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பிச் சாயத்தைக் கரைக்கக் கூடாது. நைலான் ஜிப் என்று விற்கப்படுவதன் பட்டை பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். பல சமயங்களில் அந்தப் பல்வரிசையுங்கூடப் பாலியஸ்டர்தான். நைலான் கைப்பிடி என்று சொல்லப்படும் பையின் பட்டை பாலிபுரொப்பிலீனாக இருக்கலாம். நெருப்புப் பரிசோதனை எல்லாருக்கும் தெரிந்தது: நைலான் உருகிச் சொட்டும், பச்சைக் காய்கறி கருகின வாடை வரும், குண்டு மங்கலான பழுப்பாக இறுகும்; பாலியஸ்டர் கரும்புகை கக்கிச் சற்றே தித்திப்பான வாடையோடு கறுத்து இறுகும்; விஸ்கோஸ் காகிதம்போல எரிந்து சாம்பலாகும்; அக்ரிலிக் பக்கென்று பற்றி, நசுக்கினால் நொறுங்கும் கரிய கட்டியை விடும். ஆனால் கலப்பு இழைகளில் இந்த வாடையும் புகையும் ஒன்றோடொன்று குழம்பிவிடுவதால், நான் அதிகமாக நம்புவது உப்பு ஜலத்தைத்தான்.

இது எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. நல்ல ஜலம் ஒரு கிண்ணத்திலும், கல்லுப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்துத் தெளியவைத்த ஜலம் மற்றொரு கிண்ணத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 360 கிராம் உப்பு ஏறக்குறையக் கரையும். நாடாவில் ஒரு துணுக்கை வெட்டி, நூல் நூலாகப் பிரித்து, நனைத்து, காற்றுக் குமிழி ஒன்றும் ஒட்டியிராதபடி விரலால் நன்றாகப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும். நல்ல ஜலத்திலேயே மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன். ஜலத்தைவிட இலேசான இழை அது ஒன்றுதான் எங்கள் சாமான்களில் வரும். அதற்குச் சாயம் ஏற்றுவது வியர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல ஜலத்தில் மூழ்கி உப்பு ஜலத்தில் மிதந்தால் நைலான் என்று கொள்ளலாம். அதன் அடர்த்தி 1.14, உப்பு ஜலத்தினுடையது 1.2. இரண்டிலும் மூழ்கினால் பெரும்பாலும் 1.38 அடர்த்தியுள்ள பாலியஸ்டர். அக்ரிலிக்கும் உப்பு ஜலத்தில் மிதந்து ஏமாற்றும். அதற்குத்தான் நெருப்புப் பரிசோதனையையும் விடாமல் செய்கிறேன். கம்பெனி மாதிரி அறைகளில் படித்த பிள்ளைகள்கூட இந்தக் கிண்ணங்களை வியந்து பார்த்ததுண்டு.

பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தை அமிலம் அரிக்கும். இரும்பு சாயலை மங்கச் செய்யும். ஒருமுறை சாயம் கண்ட பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதில் என் மனைவி வைத்த சட்டம் கடுமையானது, அது நியாயமுமாகும். சாயப் பொடி எடுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கலாகாது. பெயரில்லாத பொட்டலச் சாயத்தை நான் தொடுவதில்லை. சில அஸோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை விடுகின்றன என்று 1994-ல் ஜெர்மனி தடை விதித்து, எங்கள் ஊர்த் தோல் கப்பலேறுவதற்கே ஆபத்து வந்து, 1997-ல் நம் அரசாங்கமும் அத்தகைய சாயங்களைக் கையாளக் கூடாதென்று ஆணையிட்டது. ஆனாலும் மூட்டை பிரித்து விற்கும் பழைய சரக்கில் என்ன இருக்கிறதென்று யார் உறுதி சொல்ல முடியும்? வியர்வை படும் இடத்தில் கட்டப்போகிற நாடா அது. சோதனைச் சான்றோடு டேனரிகளுக்கு வரும் சாயத்தையே, பெட்டியின் பெயரும் எண்ணும் குறித்துக்கொண்டு, சிறிய அளவில் கேட்டு வாங்குகிறேன்.

எங்கள் ஜலத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பக்கத்து ஆழ்குழாய் ஜலம் கடினமானது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் நாம் ஊற்றும் வினிகரை முதலில் தான் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் சாயத்துக்கு விடுகிறது. மைசூர்ப் பக்கத்திலோ சென்னையிலோ சரியாக வந்த அளவு இங்கே வராது. ஆகவே, புளிப்புக் காட்டும் தாளை வைத்து, பி.எச். 5 அளவுக்கு வருகிறதா என்று பார்த்தே நான் மேலே போவேன். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்டபோது, பலர் அதை ஒரு குழி வெட்டிக் கணக்குக் காட்டும் காரியமாக நினைத்தார்கள். எனக்கோ அது வரப்பிரசாதமாயிற்று. ஐப்பசி கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால், இளஞ்சாயல்களுக்கு அதற்கு இணையான ஜலம் விலை கொடுத்தாலும் கிடைக்காது.

100 கிராம் நாடாவுக்கு 3 லிட்டர் ஜலம், நடுத்தரச் சாயலுக்கு 1 முதல் 2 கிராம் சாயம் என்பது என் கணக்கு. அவ்வளவு சொற்பமான பொடியை நிறுப்பது கஷ்டம். ஆகையால் 1 கிராம் சாயத்தை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எடுப்பேன். 10 மில்லி எடுத்தால் 0.1 கிராம். நாடாவைச் சோப்பு போட்டு அலசி, கஞ்சியும் எண்ணெயும் போக்கி, ஈரத்தோடேயே தொட்டியில் இறக்க வேண்டும். ஜலம் 40 டிகிரி இளஞ்சூட்டில் இருக்கும்போதே இறக்கி, வினிகரைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதியைச் சாயம் எங்கும் பரவிய பிறகும், இரண்டாவது பாதியைச் சூடு ஏறிய பிறகும் ஊற்ற வேண்டும். உஷ்ணத்தை மெல்ல மெல்ல ஏற்றிக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, அரைமணி முதல் முக்கால்மணி நேரம் அப்படியே நிறுத்த வேண்டும். அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பில் கொதிக்கும் புளிப்பு ஜலத்தில் நாடாவைப் போடுவார்கள். நைலான் முதலில் தொட்ட இடத்திலேயே சாயத்தை ஆவலோடு பிடித்துக்கொண்டு, மடிப்புக்கு மடிப்பு திட்டுத்திட்டாக நிற்கும். அந்தத் திட்டை மறுபடி எவ்வளவு கொதிக்கவைத்தும் முழுக்க மாற்ற முடியாது.

இப்பொழுது, இடம் குறைவு என்று மேலே சொன்னேனே, அந்த விஷயம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் கலந்து ஒரு பழுப்பை உண்டாக்குவது தோலில் எளிது. நைலானில், வேகமாக ஓடிவரும் சாயம் இருக்கிற கொஞ்ச இடங்களையும் அடைத்துக்கொண்டு, மெதுவாக வரும் சாயத்தை வெளியிலேயே நிறுத்திவிடும். பந்தி நிறைந்த கல்யாணக் கூடத்தில் தாமதமாக வந்த விருந்தாளியின் நிலைமைதான் அதற்கு. தொட்டியில் நீலம் மிதந்துகொண்டிருக்கும். நாடாவோ ஆரஞ்சு நிறமாக வெளிவரும். மேலும் நீலத்தை ஊற்றி என்ன பயன்? இதற்கு நான் கண்ட உபாயம், தேவைப்படும் சாயலுக்கு மிக நெருங்கிய ஒற்றைப் பழுப்புச் சாயத்தை முக்காலே அரைக்கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் அதே வேகத்தில் ஏறுகிற வேறொரு சாயத்தால் திருத்துவது. வேகத்தை அறிய, ஒவ்வொரு புதுச் சாயத்தையும் வாங்கியவுடன் தனித்தனியே ஒரு நைலான் துணுக்கில் ஏற்றி, 60 டிகிரியில் ஒன்றும், கொதிநிலை அருகே ஒன்றுமாக எடுத்து அட்டையில் ஒட்டிவைக்கிறேன். இந்த அட்டைக் கட்டுகளை என் வீட்டுப் பத்திரங்களுக்குச் சமமாகவே பாதுகாத்து வருகிறேன்.

சாயல் பொருத்துவதில் இன்னொரு நுட்பம் உண்டு. குரோம் பதமான தோலின் அடிநிறம் வெளிறிய நீலம். அதன்மேல் ஏறின பழுப்பு அமைதியாக நிற்கும். நைலானின் அடிநிறம் வெள்ளை. அதே பழுப்பு அதில் பளிச்சென்று சிவந்து தோன்றும். ஆகவே அதே சாயத்தை அதே அளவில் போட்டால் பொருந்தும் என்பது தவறான நம்பிக்கை. பச்சையோ கறுப்போ ஒரு துளி சேர்த்து அந்தப் பளபளப்பை அடக்க வேண்டும். பிறகு எந்த வெளிச்சத்தில் பார்ப்பது? டியூப் லைட்டின் கீழே ஒட்டிப் பிறந்தவைபோல இருந்த தோலும் நாடாவும், வாசலில் வெயிலுக்கு வந்தவுடன் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று சிவப்பாகவும் பிரிந்து நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெவ்வேறு சாயங்களால் ஒரே சாயலைக் கொண்டுவந்தால் இது தவிர்க்க முடியாதது. தோலுக்குப் போட்ட சாயத்தையே அடிப்படையாக நாடாவுக்கும் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். டேனரிக்கு அருகில் வாழ்கிற சாயக்காரனுக்கு உள்ள மகத்தான அனுகூலம் இதுவே. திருப்பூரிலோ சூரத்திலோ இருந்து நாடாவைத் தருவிக்கிறவனுக்கு இந்தத் தோலில் எந்தச் சாயம் ஏறியது என்று எப்படித் தெரியும்? கம்பெனிகளில் இதற்கென்று வெளிச்சப் பெட்டி வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது. காலை பத்து மணிக்குமேல் மாலை மூன்று மணிக்குள் அந்த ஜன்னலில் பார்த்துச் சம்மதித்ததையே அனுப்புகிறேன்.

ஏறின சாயம் கழுவும்போது கசியாமல் இருக்க ஒரு பழைய முறை உண்டு. அதை அறிந்தபோது நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மரப்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து வரும் டானின் என்ற துவர்ப்புச் சத்துதான் பச்சைத் தோலைப் பதமாக்குகிறது; எங்கள் முன்னோர்கள் ஆவாரம்பட்டையிலிருந்து இறக்கியது அதைத்தான். அதே டானிக் அமிலத்தை ஓர் ஆன்டிமனி உப்போடு சேர்த்து, சாயமேறின நைலான்மேல் படியவைத்து வாயிலை அடைப்பது நைலான் சாயக்காரர்களின் ஆதிகால வழக்கம். ஆன்டிமனி விஷம்; ஆதலால் அதை வீட்டில் நினைக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த ஸின்டான் என்ற செயற்கைத் துவர்ப்புச் சரக்குகள் டேனரிகளில் தோலுக்குச் செலவாகிறவற்றுக்கு நெருங்கிய உறவு. நாடாவின் எடையில் 2 சதவீதம் அந்தச் சரக்கை, வினிகர் விட்ட 70 டிகிரி ஜலத்தில் கரைத்து இருபது நிமிஷம் நாடாவை ஊறவைத்தால், ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் சாயம் ஒட்டாது. தோலும் நைலானும் சாயத்தில் மட்டுமின்றித் துவர்ப்பிலும் சேர்ந்தே நடக்கின்றன என்பதை ஆம்பூர்க்காரன் ஒருவன் அறிந்து மகிழ்வதில் நியாயம் இருக்கிறதல்லவா?

பாலியஸ்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதற்கு ஜலத்தில் கரையாத டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். பட்டறைகளில் 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஏற்றுகிறார்கள். பிரஷர் குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி கிடைப்பதால் இளஞ்சாயல்கள் ஓரளவு வரும். அந்தக் குக்கர் மறுபடி சோற்றுக்கு ஆகாது. கொதிநிலையிலேயே சாயத்தை உள்ளே தள்ளும் கேரியர் என்ற துணைச் சரக்குகளின் ஆவியை வீட்டுக்குள் சுவாசிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். எலாஸ்டிக்கில் உள்ளே ரப்பர் இருந்தால் நீடித்த சூட்டில் அதன் இழுவிசை போய்விடும். மேல்நூல் நைலானாக இருந்தால் 70 டிகிரிக்கு மேல் போகாமல் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். வெல்குரோ அநேகமாக நைலானே, அழகாக ஏறும். ஆனால் கொக்கிப் பக்கத்து இழை தடித்தது, பஞ்சுப் பக்கத்து இழை மெல்லியது. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் சாயல் ஒன்றாக வராது, தனித்தனியே போட வேண்டும்.

கடைசியாக, வேலை முடிந்த தொட்டியைப் பற்றி. சாயம் எல்லாம் இழைக்குள் போய், மிச்ச ஜலம் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினால் வெளிறிய தேநீரைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், சாயத்தின் அளவோ அமிலமோ நேரமோ எங்கோ தப்பியிருக்கிறது என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கின சாயம் சாக்கடைக்குப் போவது தொழிலில் குறை. பாலாற்றுப் பிரதேசத்தில் அது அதற்கும் மேலான குற்றம். இன்னும் சற்று வினிகர் விட்டுக் கால்மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் அநேகமாகத் தெளிந்துவிடும். தெளிந்ததையும் நான் கொட்டுவதில்லை. அதே சாயலில் அடுத்த வேலை வரும்வரை மூடி வைத்து அதற்கே பயன்படுத்துகிறேன். பயன்படாமல் போனதைச் சமையல் சோடாவால் புளிப்பு நீக்கி, கேனில் சேர்த்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த ஒரு டேனரியில் அனுமதி பெற்று அவர்களுடைய கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுகிறேன். கறுப்புக்கு மட்டும் எடையில் 4 சதவீதத்துக்கு மேல் சாயம் தேவைப்படுகிறது. நைலானில் அவ்வளவுக்கும் இடமில்லாமையால் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தொட்டி தெளிவதில்லை. ஆகையால் கறுப்பு நாடா கேட்டு வருகிறவர்களிடம் நான் வேலை வாங்கிக்கொள்வதில்லை. இழை நூற்கும்போதே கறுப்பாக நூற்ற நாடா கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.